மூஞ்சிக் கவர்

வெளியூர்ப் பயணம் முடிந்து வண்டி வந்து நின்றால் மற்ற வீடுகளில் முதலில் ஆளைத்தான் பார்ப்பார்கள். இந்த வீட்டில் தையல்காரி வேனின் முகத்தைத்தான் பார்ப்பாள். புருஷன் கீழே இறங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நெட்டி முறிப்பதற்குள் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து, வேனின் முன்பக்கம் போர்த்தியிருக்கும் ரெக்சின் கவரின் கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்துவிடுவாள். அது அவள் தைத்த கவர். ஹெட்லைட்டுகளுக்கும் ரேடியேட்டருக்கும் மட்டும் வழி விட்டுவிட்டு, பம்பரிலிருந்து கண்ணாடிக்குக் கீழே வரைக்கும் வேனின் முன்பக்கம் மொத்தத்தையும் மூடிக்கொண்டிருக்கும். நெடுந்தூர ரோட்டில் முன்னால் போகிற வண்டிகள் கிளப்பிவிடும் கல்லும் சரளையும் பெயிண்டில் படக்கூடாது, அவ்வளவுதான் விஷயம். கடைக்காரர்கள் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கலாம். இந்த வீட்டில் அது மூஞ்சிக் கவர்.

வேன் டிரைவரான அவள் புருஷனுக்கும் தெருவில் சொந்தப் பெயர் கிடையாது. ஓவர்டேக் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். சின்னப் பிள்ளைகள் மரியாதையாக ஓவர்டேக் மாமா என்பார்கள். முன்னால் ஒரு வண்டி போய்க்கொண்டிருந்தால் அவருக்கு இருப்புக் கொள்ளாது. அதன் முதுகைப் பார்த்துக்கொண்டே போவது என்ன பிழைப்பு என்று கேட்பார். ஒருமுறை சவ ஊர்வலத்தையே முந்திவிட்டு, அப்புறம் மனசு கேட்காமல் ஓரம் கட்டி இறங்கிக் கும்பிட்டுவிட்டு வந்தார் என்று மச்சினன் ஒரு கதை சொல்வான். அது பொய்யாகக்கூட இருக்கலாம். ஆனால் கேட்டவர்கள் ஒருவரும் சந்தேகப்படவில்லை.

முந்துவாரே தவிர முரட்டுத்தனம் கிடையாது. இத்தனை வருஷத்தில் ஒரு கோழிக்குஞ்சு அவர் வண்டியில் அடிபட்டதில்லை. பெண்கள் பள்ளிக்கூடத்தின் பந்தாட்டக் குழு எங்கே விளையாடப் போனாலும் டீச்சர் இவரைத்தான் கூப்பிடுவார். அந்தப் பெண்களின் அம்மாக்கள் வாசலில் நின்று டாட்டா காட்டும்போது பிள்ளைகளைப் பார்த்துச் சொல்வதைவிட இவரைப் பார்த்துத்தான் நிறையச் சொல்வார்கள். வருகிற வெள்ளிக்கிழமை மறுபடியும் அப்படி ஒரு பயணம் இருந்தது. மலை ஏறி இறங்கிப் போக வேண்டிய ஊர், போட்டி பெரிய போட்டி.

அதற்கு முந்தைய பயணத்திலிருந்து அவர் வந்து சேர்ந்தபோது மதியம் தாண்டிவிட்டது. காலையிலேயே வந்திருக்க வேண்டியவர். வெயில் சுள்ளென்று அடித்தது. தையல்காரி கொக்கிகளைக் கழற்றிக் கவரை உரித்துப் பார்த்தாள். ரெக்சினும் அதன் மேல் தைத்த தோலும் பொத்துக்கொண்டு, உள்ளே வைத்துத் தைத்த கம்பளித் துணி பிசிறு பிசிறாக வெளியே வந்திருந்தது. அடியில் பெயிண்ட் பெயர்ந்து தகரம் தெரிந்தது.

"பாத்தியா?" என்றார் அவர், என்னவோ அவள்தான் கல்லெறிந்தவள் மாதிரி. "இது கவரா, கொசுவலையா?"

"மழைக்கு முன்னாடி இருந்தது ரெண்டு வருஷம் உழைச்சுதுங்க. அதே ரெக்சின், அதே நூல், அதே கை."

"அப்ப கடைக்காரன் உன்ன ஏமாத்திட்டான்."

"கடைக்காரன் எதுக்கு ஏமாத்துறான்? நீங்க எந்த ரோட்டுல போனீங்க?"

"ரோட்டுலதான் போனேன். வானத்துலயா போனேன்? வழி பூரா வேலை நடக்குது. சரளையக் கொட்டிட்டு உருட்டாம அப்படியே விட்டுட்டுப் போயிட்டானுங்க. போற வர்ற வண்டியெல்லாம் கல்லக் கிளப்புது."

"அப்ப ரோட்டச் சொல்லுங்க. என் கவர ஏன் சொல்றீங்க?"

"கல்லு படத்தான் கவரு போடுறது. கல்லே படலன்னா கவரு எதுக்கு? அழகுக்கா?"

அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாகவே அவளுக்குப் பட்டது. அதுதான் அவளை இன்னும் எரிச்சலூட்டியது. அவள் தைத்த சீட் கவர்கள் எத்தனையோ வண்டிகளில் ஓடிக்கொண்டிருந்தன. அவள் தைத்த படுதா ஒன்று புயலில் கூரையோடு பறந்துபோய் அடுத்த தெருவில் விழுந்தது. கூரைதான் உடைந்ததே தவிர படுதாவில் ஒரு தையல் விடவில்லை. அப்படிப்பட்டவள் வீட்டு வண்டிக்குக் கொசுவலை தைத்தாள் என்று பேர் வாங்குவதா?

உண்மையில் இது முதல் தடவையும் இல்லை. மழைக்காலம் முடிந்ததிலிருந்து இதே கதைதான். முதலில் கம்பளித் துணியை இரட்டையாக மடித்து வைத்தாள். அது கிழிந்து வந்தது. அப்புறம் நடுவில் ஸ்பாஞ்ச் வைத்தாள். அதுவும் பொத்துக்கொண்டது. யாரோ தூக்கிப் போட்ட சோபாவிலிருந்து தோலை உரித்து எடுத்து, ரெக்சின் மேல் வைத்து, மெஷின் ஊசி இரண்டு மூன்று ஒடிந்த பிறகு கையாலேயே குத்தித் தைத்தாள். கட்டைவிரல் வீங்கிப்போய் ஒரு வாரம் கரண்டி பிடிக்க முடியவில்லை. இப்போது கழற்றிய கவர் அதுதான்.

"மாட்டுறதுக்கு முன்னாடி வண்டியக் கழுவினீங்களா?" என்று கடைசியாக ஒரு கேள்வி கேட்டுப் பார்த்தாள். "கவருக்கு அடியில மணல் இருந்துச்சுன்னா அதுவே உப்புத்தாள் மாதிரி தேய்க்கும்."

"கழுவாம மாட்டுவனா? கை வச்சுத் தடவிப் பாத்துட்டுத்தான் மாட்டுனேன்."

கை வைத்துத் தடவிப் பார்த்தேன் என்று அவர் சொன்னதில் அவளுக்கு அப்போது வித்தியாசமாக ஒன்றும் தோன்றவில்லை.

மறுநாள் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். அவள் முன்னறையில் வெட்டுமேசையின் மேல் கவரை விரித்துப் போட்டு ஒட்டுப் போட உட்கார்ந்தாள். முன்னறை முழுவதும் அவளுடைய ராஜ்யம். ஒரு மூலையில் ரெக்சின் சுருள்கள், ஜன்னலோரம் கனமான மெஷின், சுவரில் ஆணியடித்துத் தொங்கும் பெல்ட்டுகளும் கொக்கிகளும். ஓட்டை எங்கெங்கே என்று பார்ப்பதற்காகக் கவரை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். வெளிச்சம் இரண்டு இடத்தில் மட்டும் பொத்துக்கொண்டு வந்தது. இடது ஹெட்லைட்டைச் சுற்றி ஒரு திட்டு, வலது ஹெட்லைட்டைச் சுற்றி ஒரு திட்டு. நடுவில் இருந்த தோல் நேற்றுத்தான் தைத்தது போல இருந்தது.

அவள் குனிந்து காலடியைப் பார்த்தாள். இரண்டு வருஷம் உழைத்த பழைய கவரை அவள் தூக்கிப் போடவில்லை. மெஷினுக்குக் கீழே கால் மிதியாகப் போட்டிருந்தாள். அதை இழுத்து எடுத்து உதறி மேசையில் பக்கத்தில் போட்டாள். அதில் எங்கே பார்த்தாலும் புள்ளிதான். மேலே, கீழே, நடுவில், ஓரத்தில், கணக்கு வழக்கில்லாமல் சிதறிக் கிடந்தது. ஆனால் ஒன்றுகூட உள்துணி வரைக்கும் போகவில்லை.

பின்வாசல் வழியாகத் தம்பி வந்தான். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிப்பவன். கை முழங்கை வரைக்கும் நீலம்.

"அக்கா, டீ இருக்கா? இல்ல மாமா மேல இருக்கிற கோவத்துல அடுப்பையும் அணைச்சிட்டியா?"

"டீயும் இருக்கு, ரொட்டியும் இருக்கு. அதுக்கு முன்னாடி இங்க வந்து இதப் பாரு."

"எதப் பாக்கணும்? உன் தையல்ல குத்தம் சொன்னா டீ கிடைக்காதுன்னு தெரியும். பிரமாதமா இருக்குக்கா."

"வாய மூடிட்டுப் பாருடா. பழசுல அடி எல்லா இடத்துலயும் விழுந்திருக்கு. புதுசுல ரெண்டே இடத்துல விழுந்திருக்கு. நடுவுல ஒரு கீறல் இல்ல. ஏன்?"

அவன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கிட்டே வந்து பார்த்தான். அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

"இது லாரி அடிதான்க்கா."

"அப்படின்னா?"

"லாரி பின்னாடியே ஒட்டிக்கிட்டுப் போற வண்டிக்கு இப்படித்தான் விழும். லாரியோட பின்டயர் ரெண்டு பக்கமும் கல்ல வாரி வீசும்ல, அது ரெண்டு வரிசையா வந்து நேரா ஹெட்லைட்டு மேலதான் விழும். நடுவுல ஒண்ணும் வராது. என் கொட்டகைக்கு வர்ற கத்துக்குட்டி டிரைவருங்க வண்டியெல்லாம் இப்படித்தான் இருக்கும். லாரிய முந்தப் பயந்துக்கிட்டு வழி பூரா அது வாலப் பிடிச்சுக்கிட்டே போவானுங்க." சொல்லிக்கொண்டே வந்தவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மாமா லாரி வாலப் பிடிச்சுக்கிட்டா? வெளிய சொல்லிராத. தெருவே சிரிக்கும்."

அவள் சிரிக்கவில்லை. அவனும் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"கொஞ்ச தூரம் அப்படிப் போயிருப்பாரோ?" என்றாள்.

"கொஞ்ச தூரத்துக்கு இவ்ளோ அடி விழாதுக்கா. சோபாத் தோலையே பிச்சிருக்கு. நாள் பூரா போயிருக்கணும்."

"ஒரு டிரைவர் எதுக்குடா லாரி பின்னாடியே போவான்?"

"பயம்."

"அவருக்குப் பயமா? வேற சொல்லு."

"வேற என்ன... ராத்திரி மழைல ரோடு தெரியலன்னா போவோம். லாரியோட பின்லைட்டையே பாத்துக்கிட்டு, அவன் திரும்பினா நாமளும் திரும்பிக்கிட்டு. முன்னாடி போறவன் பள்ளம் மேடு பாத்துப் போவான்ல, நமக்குக் கவலை இல்ல."

"சரி. பகல்ல?"

தம்பி மறுபடியும் குனிந்து கவரைப் பார்த்தான். டீயை மறந்துவிட்டான்.

அவள் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மழைக்காலம் முடிந்ததிலிருந்து நடந்தவை எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. டம்ளரில் டீ ஊற்றும்போது விரலை விளிம்பில் வைத்துக்கொள்கிறார். வாசல்படியைக் காலால் துழாவிவிட்டு இறங்குகிறார். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, இதில் என்ன இருக்கிறது எல்லாம் பொய் என்கிறார். காலையில் வர வேண்டியவர் மதியம் வருகிறார், மதியம் வர வேண்டியவர் விளக்கு வைத்த பிறகு வருகிறார். தனித்தனியாகப் பார்த்தால் வயசாகிறது என்று விட்டுவிடலாம். அவளும் அப்படித்தான் விட்டிருந்தாள். அவர் கண்ணைப் பார்க்காமல் கவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டோமே என்று அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

"வெள்ளிக்கிழமை அந்தப் பொண்ணுங்க போகுது," என்றாள் மெதுவாக. "மலை ரோடு."

"யார்கிட்டயும் சொல்லாதக்கா. முதல்ல மாமாகிட்ட பேசு."

"நானா? நீயும் வா."

"ஆம்பள இன்னொரு ஆம்பள முன்னாடி இத ஒத்துக்க மாட்டான். நீயே பேசு. சத்தம் கேட்டா நான் வர்றேன்," என்று நழுவினான்.

சாப்பாட்டு நேரத்தில்தான் பேசினாள். வெங்காயமும் முட்டையும் வதக்கி, ரொட்டியைச் சூடு பண்ணி வைத்திருந்தாள். அவருக்குப் பிடித்த மாதிரி ஓரம் கருகலாக. அவர் நல்ல பசியில் இருந்தார்.

"கவர் முடிஞ்சிருச்சா?"

"முடியல."

"வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும். இந்தத் தடவை தகரத்த வச்சுத் தை."

"இரும்பையே வச்சாலும் நிக்காது. கல்லு லாரிலேருந்து வருது. நீங்க லாரி பின்னாடியே போனா நான் என்ன வச்சுத் தைக்கட்டும்?"

ரொட்டியைப் பிய்த்த கை நின்றது. "யார் சொன்னா?"

"கவர் சொல்லுது."

"கவர் பேசுதா? நல்லது. அதையே கேட்டுக்கோ, லாரி ஏன் முன்னாடி போச்சுன்னு. ரோடு குறுகல். முந்த வழி இல்ல."

"உங்களுக்கு வழி இல்லாம போச்சா? எப்பேர்ப்பட்ட எடத்துலயும் பூந்து போற ஆளு. ஏங்க, எங்கிட்ட மறைக்காதீங்க. கண்ணு சரியாத் தெரியுதா, இல்லையா?"

அவர் தட்டை நகர்த்தினார். "ஓகோ. கவர் தைக்கிறவ இப்பக் கண் டாக்டர் ஆயிட்டாளா?"

"டாக்டர்கிட்டத்தான் போகலாம்னு சொல்றேன்."

"எதுக்கு? நல்லா இருக்கிற கண்ணத் தோண்டறதுக்கா? எங்கப்பா போனாரே ஞாபகம் இருக்கா? கைய வீசிக்கிட்டு நடந்து போனவரு, கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வர வேண்டியதாச்சு. அதுக்கப்புறம் ஒரு தடவை என் மூஞ்சியப் பாத்தாரா?"

"அது அந்தக் காலம். உங்கப்பாவும் உங்கள மாதிரிதான், முத்திப்போன பிறகுதான் போனாரு."

"எனக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்றேன். உன் தையல் சரியில்லன்னு சொன்னதுக்கு என் கண்ணு சரியில்லன்னு சொல்றியா? பழிக்குப் பழியா?"

இந்த வார்த்தை அவளை அறுத்துவிட்டது. சோபாத் தோலில் ஊசி குத்திக் குத்தி வீங்கிய கட்டைவிரலை அவர் முன்னால் நீட்டிக் காட்ட வேண்டும் போல இருந்தது. காட்டவில்லை. காட்டினாலும் அவருக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ.

"அந்தப் பொண்ணுங்க உங்க வண்டில ஏறப் போகுது," என்று மட்டும் சொன்னாள். "அதுங்களோட அம்மாங்க நம்ம வாசலுக்கு வந்து நின்னா நான் என்ன பதில் சொல்லுவேன்?"

அவர் கை கழுவப் போனார். குழாயைத் திறந்து வெகுநேரம் கழுவினார். திரும்பி வந்தபோது குரல் வேறு மாதிரி இருந்தது. விறைப்பு இன்னும் போகவில்லை, ஆனால் கோபம் குறைந்திருந்தது.

"நாளைக்கு வண்டி சும்மாதான் நிக்குது. நீ வா. முன்னாடி சீட்டுல உக்காரு. பெரிய ரோட்டுல போயிட்டு வருவோம். நான் ஓட்டுறத நீயே பாத்துட்டு அப்புறம் பேசு. தப்புன்னா ஒத்துக்கிறேன். இல்லன்னா இந்தப் பேச்ச நீ எடுக்கக்கூடாது."

"சரி," என்றாள்.

மறுநாள் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். கவர் இன்னும் மேசையிலேயே கிடந்தது. வேன் பெயிண்ட் பெயர்ந்த முகத்தோடு புறப்பட்டது. அவள் தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஊருக்குள் அவர் ஒரு தடுமாற்றமும் இல்லாமல் ஓட்டினார். எந்தத் தெருவில் எந்தக் கடைக்கு முன்னால் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பது அவருக்குக் கண் இல்லாமலே தெரியும். பெரிய ரோடு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு காரை முந்தினார். அப்புறம் காலிப் பேருந்து ஒன்றை முந்தினார். பழைய மாதிரி ஹாரனை இரண்டு தட்டு தட்டி, விரலால் ஸ்டியரிங்கில் தாளம் போட்டார்.

"இவன் எப்படி ஓட்டுறான் பாரு, மாட்டு வண்டி மாதிரி. பாத்தியா? முந்திட்டேனா?"

"முந்திட்டீங்க."

"கண்ணு தெரியாதவன் முந்துவானா?"

அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. தான் சொன்னது பொய்யாகிவிட வேண்டும் என்று அவள் அவ்வளவு ஆசைப்பட்டாள். தம்பியை நாலு திட்டு திட்டிவிட்டு, இவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, தகரம் வைத்தே ஒரு கவர் தைத்துவிடலாம் என்று நினைத்தாள். ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டு வெளியே பார்த்தாள். வெட்ட வெளி, ஓரத்தில் குவித்து வைத்த சரளை, அறுவடையான வயல்கள். மேற்கே மேகம் இறங்கிக்கொண்டிருந்தது.

தூறல் ஆரம்பித்தது. வெயில் போய் எல்லாமே சாம்பல் நிறமாக மாறியது. முன்னால் ஒரு சரளை லாரி போய்க்கொண்டிருந்தது. அவர் அதன் பின்னால் போய்ச் சேர்ந்தார். வேகம் தானாகவே குறைந்தது. அவர் தோள்கள் இறங்கி, விரல் தாளம் போடுவது நின்று, மூச்சு சீரானது. எவ்வளவு தூரம் அப்படியே போனார்கள் என்று அவளுக்குத் தெரியாது. அவரும் மறந்துபோய்விட்டார். வீட்டுக்கு வந்து சேர்ந்தவரைப் போல நிம்மதியாக லாரியின் பின்லைட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். டக்கென்று ஒரு கல் வந்து ஹெட்லைட்டுக்குப் பக்கத்தில் விழுந்தது. அந்தச் சத்தத்தில்தான் அவருக்குப் பக்கத்தில் அவள் இருப்பது நினைவுக்கு வந்தது.

"இவன ஒரு தள்ளு தள்ளிருவோம்," என்று சொல்லி வண்டியை வெளியே எடுத்தார்.

எதிர்ப்பக்கம் வண்டி ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு கிழவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டோரமாக வந்துகொண்டிருந்தார். சரளைக் குவியல் இருந்த இடத்தில் ரோட்டுக்குள் இறங்கிச் சுற்றிக்கொண்டு வந்தார். சாம்பல் நிறத்தில் மழைக்கோட்டு. அவள் அவரைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். இவரும் பார்த்திருப்பார் என்று நினைத்தாள். வேன் நேராக அந்த ஆளை நோக்கியே போனது.

"ஏங்க, சைக்கிளு!"

"எங்க?"

"சைக்கிளு! முன்னாடி! நிறுத்துங்க!"

"எங்க?" என்றார் அவர் மறுபடியும், ஆனால் கால் பிரேக்கை அழுத்திவிட்டது. ஈர ரோட்டில் வேன் கத்திக்கொண்டு இழுத்துப்போய் நின்றது. லாரி பக்கத்தில் கடகடவென்று கடந்து போனது. கிழவர் சைக்கிளின் ஹாண்டில் வேனின் பம்பரைத் தொட்டுவிடும் தூரத்தில் இருந்தார்.

நடந்தது எதுவுமே கிழவருக்குத் தெரியவில்லை. தனக்கு வழி விடத்தான் வண்டி நின்றது என்று நினைத்துக்கொண்டார். ஈரம் சொட்டும் முகத்தை நிமிர்த்திச் சிரித்து, ரொம்ப நன்றி என்பது போல ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு வேனைச் சுற்றிப் போனார்.

அவள் புருஷன் வண்டியை ஓரம் கட்டி எஞ்சினை அணைத்தார். வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்றுபோனது. கூரையில் தூறல் விழும் சத்தம் கேட்டது.

"எங்கேருந்து வந்தான்?" என்றார் கடைசியில்.

"எங்கேருந்தும் வரல. அவரு பாட்டுக்கு வந்துக்கிட்டிருந்தாரு. நான் ரொம்ப நேரமாப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"சிரிச்சானா? கையத் தூக்கினானே."

"சிரிச்சாரு. உங்களுக்கு நன்றி சொல்லிட்டுப் போறாரு."

அவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். வாங்கவில்லை. அவர் முதுகில் கை வைத்தாள். இத்தனை வருஷத்தில் அவர் அழுது அவள் பார்த்ததில்லை. இப்போதும் அழவில்லை, ஆனால் முதுகு ஏறி இறங்கியது.

"எப்பலேருந்து?" என்று கேட்டாள்.

"மழைக்காலத்துலேருந்து. முதல்ல ஒரு கண்ணுல. கண்ணாடில ஆவி பிடிச்ச மாதிரி. துணி வச்சுத் துடைச்சேன், வைப்பர் மாத்தினேன், போகல. அப்புறம்தான் தெரிஞ்சுது, கண்ணாடில இல்லன்னு. இப்ப அடுத்த கண்ணுலயும் வந்திருச்சு. நல்ல வெயில்ல கண்ணு கூசுது, ஆனா கிட்ட இருக்கிறது ஓரளவு தெரியும். மேகம் போட்டா எல்லாம் ஒரே கலரு."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ விடுவியா? வீட்டுல உக்காரச் சொல்லுவ. எனக்கு வேற என்ன தெரியும்? உனக்கு பாபின்ல நூல் சுத்திக் குடுத்துக்கிட்டு உக்கார்றதா? அதுக்கும் கண்ணு வேணும்." சிரிக்க முயன்றார். வரவில்லை. "அப்பத்தான் இந்த வழியக் கண்டுபிடிச்சேன். பெரிய லாரியா ஒண்ணப் பிடிச்சுக்குவேன். அவன் போற மாதிரி போவேன், அவன் நின்னா நிப்பேன். முன்னாடி போறவனுக்குக் கண்ணு இருக்கும்ல?"

"அவன் டீ குடிக்க நிறுத்தினா?"

"அடுத்த லாரி வர்ற வரைக்கும் நானும் டீ குடிப்பேன்."

மதியமும் இருட்டியும் வந்து சேர்ந்த பயணங்கள் எல்லாம் அவளுக்கு இப்போது புரிந்தன. யாரோ முகம் தெரியாத லாரிக்காரர்களை நம்பி, வண்டி நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு அவர் எத்தனை ஊர் போய் வந்திருக்கிறார். கோபப்படத்தான் வேண்டும். ஆனால் டீக்கடை வாசலில் அடுத்த லாரிக்காகத் தனியாகக் காத்துக்கொண்டு நின்ற மனிதரை நினைத்தபோது அவளால் கோபப்பட முடியவில்லை.

"வண்டி இங்கயே நிக்கட்டும்," என்றாள். "தம்பிக்குப் போன் பண்றேன். பஸ்ல வந்து எடுத்துட்டுப் போகட்டும். நாளைக்கே டாக்டர்கிட்ட போறோம். நான் கூடவே இருப்பேன், கையப் பிடிச்சுக்கிட்டே இருப்பேன். இப்பல்லாம் சரி பண்ணிடறாங்கன்னுதான் எல்லாரும் சொல்றாங்க."

அவர் சாவியை உருவி அவளிடம் கொடுத்தார். "டீச்சருக்குச் சொல்லணும்," என்றார். "வேற வண்டி பிடிக்கணும் அவங்க. வெள்ளிக்கிழமைக்கு நாள் இல்ல."

அவள் யோசித்தாள். இது டீச்சர் ஒருவரோடு நிற்கிற செய்தி இல்லை. டீச்சரிடமிருந்து அம்மாக்களுக்குப் போகும், அம்மாக்களிடமிருந்து தெருவுக்குப் போகும். நாளைக்குக் கண் சரியாகிவிட்டால்கூட, கண் தெரியாமல் எங்கள் பிள்ளைகளை ஓட்டிக்கொண்டு போனவன் என்ற பேர் போகாது. அப்புறம் அந்த வேனில் யார் ஏறுவார்கள்? சவ ஊர்வலத்தை முந்திய கதையைச் சொல்லிச் சிரித்த அதே வாய்கள் என்னென்ன பேசும் என்று அவளுக்குத் தெரியும்.

"வண்டி ரிப்பேர்னு சொல்லிடுங்க," என்றாள். "எஞ்சின்ல வேலை, ஒரு மாசம் ஆகும்னு சொல்லுங்க. எந்த டிரைவர் சொல்லாததா? யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. அதுக்குள்ள கண்ணச் சரி பண்ணிக்கலாம். யாருக்கும் எதுவும் தெரிய வேணாம்."

அவர் அதை யோசித்துப் பார்த்தார். நல்ல யோசனைதான் என்று முகத்தில் தெரிந்தது. பிறகு மறுப்பாகத் தலையை ஆட்டினார்.

"வேணாம்மா. முதல்ல உன் கவர் மேல பழி போட்டேன். அப்புறம் ரோட்டு மேல போட்டேன். இப்ப வண்டி மேல போடவா? அது என்ன பண்ணுச்சு, பாவம்."

போனை எடுத்து முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார், தூரத்தில் பிடித்தார், மறுபடி கிட்டே கொண்டுவந்தார். "நீயே போட்டுக் குடு," என்று அவளிடம் நீட்டினார். அவள் டீச்சரின் எண்ணைத் தேடி எடுத்து, அழுத்தி, அவர் கையில் வைத்தாள். மணி இரண்டாவது தடவை அடிப்பதற்குள் டீச்சர் எடுத்துவிட்டார். அவர் குரலுக்குப் பின்னால் பந்து அடிக்கும் சத்தமும் பெண் பிள்ளைகளின் கூச்சலும் கேட்டன.

"அண்ணே! இப்பத்தான் உங்களப் பத்திப் பேசிக்கிட்டிருந்தோம். முன்சீட்டுல யாரு உக்கார்றதுன்னு இங்க இப்பவே சண்டை. நீங்களே வந்து பஞ்சாயத்து பண்ணுங்க."

"டீச்சர், வெள்ளிக்கிழமை நான் வரல."

டீச்சர் கவலையோடு கேட்டார்: "ஏண்ணே, வண்டிக்கு ஏதாவது ஆயிருச்சா?"

அவள் அவரைப் பார்த்தாள். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். டீச்சரே எடுத்துக் கொடுத்துவிட்டார்.

"இல்ல டீச்சர். வண்டிக்கு ஒண்ணும் இல்ல," என்றார் அவர். "எனக்குக் கண்ணு தெரியல."